குறித்த நாளில், குறித்த மரத்தடியில்

பொலம்பாக்கத்தை செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர்களிலேயே பலர் பார்த்திருக்க மாட்டார்கள். மதுராந்தகம் வட்டாரத்தில், ஏரிப் பாசன வயல்களுக்கு நடுவே ஒதுங்கிக் கிடக்கும் கிராமம். ஆனால் தொழுநோய் மருத்துவத்தின் வரலாற்றை எழுதுகிற எவரும் இந்த ஊரை விட்டுவிட்டு எழுத முடியாது. 1955-ல் பெல்ஜியத்திலிருந்து வந்த ஒரு சிறு குழு இங்கே குடியேறியது. குழுவின் தலைவர் ஃபிரான்ஸ் ஹெமரிக்ஸ். 1902-ல் பிறந்தவர், ஆழ்ந்த கத்தோலிக்கப் பற்று உடையவர், ஆப்பிரிக்காவின் காங்கோவில் பல ஆண்டுகள் தொழுநோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்துவிட்டு வந்தவர். அவருடன் கிளேர் வெலூட் என்ற இளம் பெண் மருத்துவர். வயது முப்பதைத் தொட்டிருக்கவில்லை.

அவர்கள் நோயாளிகளை ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லவில்லை. மருந்துப் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். சாலையோரத்தில் நிழல் விரிந்த ஒரு மரம், அதன் கீழ் ஒரு மேசை, நோயாளிகளின் விவரம் எழுதிய அட்டைகள், கட்டுப் போடுவதற்கான பஞ்சும் துணியும். அவ்வளவுதான் மருத்துவமனை. வேலை முடிந்ததும் மேசையை மடித்து ஏற்றிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் புறப்பட்டுவிடுவார்கள். நோயாளி நினைவில் வைத்திருக்க வேண்டியவை இரண்டு: எந்த மரம், எந்த நாள். வண்டியில் போகிறவர்கள் காப்பாற்ற வேண்டியவையும் அதே இரண்டுதான்.

மரத்தடியில் நடக்கும் பரிசோதனைக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. சட்டையைக் கழற்றச் சொல்லி, வெளிச்சத்தில் முதுகைப் பார்க்க வேண்டும். நிறம் மங்கிய தேமல் தெரிந்தால், நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சுத் திரியால் மெல்லத் தொட்டு, தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொல்ல வேண்டும். நல்ல தோலில் தொட்டால் விரல் சரியாக அந்த இடத்துக்கு வரும். தேமலின் மேல் தொட்டால் விரல் வராது, தொட்டதே தெரியாது. பிறகு முழங்கையின் உள்பக்கம், முழங்காலின் வெளிப்பக்கம், கழுத்தின் ஓரம் என்று நரம்பு தடித்திருக்கிறதா என விரலால் உருட்டிப் பார்ப்பார்கள். இந்த வைத்தியத்தில் நோயாளியைத் தொடாமல் எதுவும் நடக்காது. நோய் வந்த நாளிலிருந்து கட்டிய மனைவியோ பெற்ற பிள்ளையோ தொடாத ஒருவரை, ஊர் பார்க்க, சாலையோரத்தில், ஒரு டாக்டர் தொட்டுப் பார்த்தார். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற ஊருக்கும் சேர்த்துத்தான் அந்த மரத்தடியில் சிகிச்சை நடந்தது.

அன்றைய மருந்து டாப்சோன். விலை மலிவான மாத்திரை. ஆனால் அதை ஆண்டுக்கணக்கில் விழுங்க வேண்டியிருந்தது. சிலர் ஆயுள் முழுக்க. உடம்பில் வலி இல்லை, காய்ச்சல் இல்லை, வெறும் ஒரு தேமல் என்றால் எத்தனை நாள் ஒருவர் மாத்திரை சாப்பிடுவார்? மருந்து கொண்டுவருகிறவர்கள் மழைக்குப் பயந்து இரண்டு முறை வராமல் இருந்துவிட்டால் மூன்றாவது முறை மரத்தடியில் யார் காத்திருப்பார்கள்? பொலம்பாக்கத்தின் வெற்றியை மருத்துவ உலகம் பல விதமாக விளக்கலாம். எனக்குப் படுவது இதுதான்: சொன்ன நாளில் வந்தார்கள். மறுபடியும் வந்தார்கள். கிறிஸ்தவ சபைகள் அன்பைப் பற்றி எவ்வளவோ பேசுகின்றன. இந்த மாவட்டத்தில் அந்த அன்பு எந்த உருவத்தில் உண்மையாக இறங்கியது என்று கேட்டால், நான் காட்டுவது அந்த மரத்தடிகளைத்தான்.

கிளேர் வெலூட் கன்னியர் மடத்தில் சேர்ந்தவர் அல்ல. கத்தோலிக்கப் பொதுநிலைப் பெண்களின் பன்னாட்டுக் குழு ஒன்றைச் சேர்ந்தவர். ஹெமரிக்ஸ் வேறு பொறுப்புகளுக்குப் போன பிறகு பொலம்பாக்கத்தை நடத்தியவர் அவர். இந்தியக் குடியுரிமை பெற்றார். ஹெமரிக்ஸ் 1969-ல் காலமானார். வெலூட் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் இந்தப் பணியிலேயே இருந்தார். 1992-ல் சென்னையில் டேமியன் அறக்கட்டளை தொடங்கப்பட்டதற்கும் அவரே காரணம். மொலக்காய் தீவில் தொழுநோயாளிகளுடன் வாழ்ந்து, அந்த நோய்க்கே ஆளாகி 1889-ல் இறந்த பெல்ஜியப் பாதிரியார் டேமியனின் பெயர் அது. 2009-ல் டேமியனுக்குத் திருச்சபை புனிதர் பட்டம் கொடுத்தது. வெலூட் 2013-ல் மறைந்தார்.

பொலம்பாக்கம் மையம் பிற்பாடு தமிழக அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. ஹெமரிக்ஸ் பெயரிலேயே அரசு தொழுநோய் மையமாக நடந்தது. இதை நான் அந்தக் குழுவின் பெருமைகளில் ஒன்றாகவே எண்ணுகிறேன். தொடங்கிய ஒன்றைத் தங்கள் நிறுவனமாகவே என்றென்றும் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசை தொண்டு அமைப்புகளுக்கு எளிதில் வந்துவிடும். மக்களுக்கு வைத்தியம் செய்ய வேண்டியது அரசின் கடமை. அது தயாராகும் வரை நாம் செய்கிறோம், தயாரானதும் கொடுத்துவிடுகிறோம் என்ற தெளிவுக்கு மிகுந்த விசுவாசம் வேண்டும்.

சுவருக்குள் தொடங்கிய கதை

மரத்தடிக்கு முன்னால் சுவர்கள் இருந்தன. கொரோனா காலத்தில் தடுப்பூசி வளாகம் பற்றிய செய்திகளில் திருமணி என்ற பெயரைப் படித்திருப்பீர்கள். செங்கல்பட்டை ஒட்டிய அதே திருமணியில்தான் 1920களில் லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை எழுந்தது. நடத்தியது ஸ்காட்லாந்து திருச்சபையின் மிஷன். அன்றைக்கு நம்பகமான மருந்து என்று எதுவும் கிடையாது. நீரடிமுத்து எண்ணெயை ஊசி வழியாக ஏற்றுவார்கள். வலிக்கும், பலன் குறைவு. வீட்டாரே விரட்டிவிட்ட மனிதர்களுக்குத் தலைக்கு மேல் கூரையும், செய்ய ஒரு வேலையும், பெயர் சொல்லிக் கூப்பிட ஆளும் கிடைத்த இடம் அது. இன்றைய கண்ணோடு பார்த்து, பிரித்து வைத்தார்களே என்று குறை சொல்வது சுலபம். அன்றைய தெருவை நினைத்துப் பார்த்தால் அந்தச் சுவர் பலருக்குப் பாதுகாப்பாக இருந்தது.

1930களின் நடுவில் அங்கே பொறுப்புக்கு வந்தவர் ராபர்ட் கோக்ரேன். மிஷனரிப் பெற்றோருக்குச் சீனாவில் பிறந்தவர். டாப்சோனைத் தொழுநோய்க்குக் கொடுத்துப் பார்த்த முன்னோடிகளில் ஒருவர். பிற்பாடு வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரிக்குத் தலைமை ஏற்றவர், 1947-ல் அங்கிருந்த ஓர் இளம் எலும்பு அறுவை சிகிச்சை நிபுணரைச் செங்கல்பட்டுக்கு அழைத்துவந்து காட்டினார். வந்தவர் பால் பிராண்ட். 1914-ல் கொல்லிமலையில் பிறந்த மிஷனரிப் பிள்ளை.

அன்று நடந்ததை பிராண்ட் தம் வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்தார். மருத்துவமனையைச் சுற்றி வரும்போது, விரல்கள் உள்ளே மடங்கி நகம்போல் வளைந்துபோன கைகளையே பார்த்துக்கொண்டு வந்தார். இந்தக் கைகளுக்கு ஏன் யாரும் ஒன்றும் செய்யவில்லை என்று கோக்ரேனிடம் கேட்டார். எலும்பு மருத்துவர் ஒருவர்கூட இதுவரை இவர்களைப் பார்க்க வரவில்லை என்பதே அதற்குக் கிடைத்த பதில். ஓர் இளைஞரின் வளைந்த கையில் தம் கையைக் கொடுத்து, முடிந்தவரை அழுத்தச் சொன்னார் பிராண்ட். செத்துப்போன கை என்று நினைத்திருந்தார். அந்த இளைஞர் அழுத்திய வேகத்தில் பிராண்டுக்குச் சுருக்கென்று வலித்தது. கை சாகவில்லை. சில தசைகள் செயலிழந்திருந்தன. மற்றவை முழு பலத்தோடு இருந்தன. அழுத்தியவருக்கு உணர்ச்சி இல்லாததால்தான் எவ்வளவு அழுத்துகிறோம் என்று தெரியவில்லை.

நல்ல தசையின் நாணை எடுத்து, செயலிழந்த விரலுக்கு மாற்றிக் கட்டலாமே என்ற சிந்தனை அங்கிருந்துதான் கிளம்பியது. அடுத்த ஆண்டு வேலூரில் அறுவை சிகிச்சைகள் தொடங்கின. விரலும் பாதமும் குறைவது நோய் தின்பதால் அல்ல, வலி தெரியாததால் படும் காயங்களால்தான் என்ற உண்மையும் அந்த வழியில்தான் உறுதியானது. கொதிக்கும் சட்டியை வெறுங்கையால் இறக்குவார்கள். செருப்புக்குள் ஆணி குத்தியபடியே நாள் முழுக்க நடப்பார்கள். மென்மையான ரப்பர் அடித்தளம் போட்ட எம்.சி.ஆர். செருப்பு வந்தது இதனால்தான். தினமும் பாதத்தைத் தண்ணீரில் ஊறவைத்து, காய்ப்பைத் தேய்த்து, எண்ணெய் தடவி, உள்ளங்காலை ஒரு கண்ணாடியில் பார்க்க வேண்டும் என்று நோயாளிகளுக்குச் சொல்லிக் கொடுப்பதும் இதனால்தான்.

1955-ல் மத்திய அரசு திருமணியை ஏற்றுக்கொண்டது. இன்று அது மத்திய தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிலையம். நாட்டின் தொழுநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டமும் அதே ஆண்டில்தான் தொடங்கியது, பொலம்பாக்கமும் அதே ஆண்டுதான்.

கஞ்சிக்கும் காணிக்கும் நடுவே

இந்த மண்ணின் கிறிஸ்தவ சபைகளில் பெரும்பாலோர் தலித் மக்கள். இதைச் சொல்லாமல் செங்கல்பட்டின் தொண்டு வரலாற்றை எழுதுவது நேர்மையாகாது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருடப் பஞ்சத்தில் செங்கல்பட்டு ஜில்லா கடுமையாக அடிபட்டது. மாமல்லபுரத்துக்கு மேற்கே ஓடும் பக்கிங்ஹாம் கால்வாயில் பஞ்ச நிவாரண வேலையாக மண் சுமந்தவர்கள் உண்டு. கஞ்சித் தொட்டி உயிரைக் காத்தது. நாளைய சோற்றுக்கு வழி சொல்லவில்லை.

அந்த வழியைத் தேடியவர்களில் ஒருவர் ஆடம் ஆண்ட்ரூ, செங்கல்பட்டில் வேலை பார்த்த ஸ்காட்லாந்து மிஷனரி. திருவள்ளூர் பக்கத்தில் வில்லியம் கௌடி. பள்ளிக்கூடமும் ஜெபக்கூடமும் போதும் என்று இவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. பறையர் குடும்பங்களுக்குச் சொந்தமாகக் கையளவு நிலம்கூட ஏன் கிடைப்பதில்லை, தரிசுக்கு மனுப் போட்டால் மிராசுதார்களின் ஆட்சேபணை ஏன் ஜெயிக்கிறது என்று அரசாங்கத்திடம் விடாமல் கேட்டார்கள். சிங்கப்பெருமாள் கோவிலுக்கு அருகே மெல்ரோசாபுரம் என்ற குடியிருப்பு ஆண்ட்ரூவின் முயற்சியில் உருவானது. கலெக்டர் ட்ரெமன்ஹீர் 1891-ல் செங்கல்பட்டுப் பறையர்களின் நிலையைப் பற்றி விரிவான அறிக்கை எழுதினார். 1892 செப்டம்பர் 30-ல் அரசாணை 1010 பிறந்தது. தலித் மக்களுக்கென ஒதுக்கப்பட்ட, பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வதன் தொடக்கம் அது.

அந்த நிலங்கள் கைமாறிப்போன கதை வேறு. அவற்றை மீட்கக் கேட்டவர்கள் கொடுத்த விலையும் இந்த மாவட்டத்திலேயே இருக்கிறது. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்துக்கான போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் உயிரிழந்தார்கள். ஒருவர் பெயர் ஜான் தாமஸ், மற்றவர் பெயர் ஏழுமலை. உரிமைக்காக நின்ற இடத்தில் கிறிஸ்தவப் பெயரும் இந்துப் பெயரும் ஒன்றாகவே விழுந்தன. பசித்தவருக்குச் சோறு போடுவது தொண்டு, நிலம் கேட்பது அரசியல் என்று சபைக்குள்ளேயே சிலர் கோடு போட்டுப் பேசுவதை அவ்வப்போது கேட்கிறேன். ஆண்ட்ரூ அந்தக் கோட்டைப் போடவில்லை.

தேவாலயத்துக்குள் சாதி புகுந்ததையும் சபையே ஒப்புக்கொண்டது. 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மக்களின் மேம்பாட்டுக்கான கொள்கை அறிக்கையை வெளியிட்டபோது, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை அதில் மறைக்கவில்லை. தொழுநோயாளியின் கையைப் பிடிக்கத் துணிந்த சபை, பக்கத்துத் தெருக்காரரின் கையைப் பிடிக்கத் தயங்கிய வரலாறும் நம்முடையதுதான்.

பிடி அரிசி

வெளிநாட்டிலிருந்து வந்தவர்களை மட்டும் சொல்லிக்கொண்டு போனால் பாதிக் கதைதான். இந்த மாவட்டத்தின் பங்குகளிலும் சேகரங்களிலும் ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, கொஞ்சம் பேர் பின்தங்குவார்கள். அவர்களை யாரும் படம் எடுப்பதில்லை.

வின்சென்ட் தே பவுல் சபைக்காரர்கள் அதில் ஒரு வகை. 1833-ல் பாரீஸில் ஃபிரெடெரிக் ஓசானாம் என்ற இருபது வயது மாணவரும் நண்பர்களும் தொடங்கிய அமைப்பு. தமிழகத்தில் பல பங்குகளில் கிளை உண்டு. கூட்டத்தில் ஒரு துணிப்பை சுற்றிவரும். மூடிய கையை உள்ளே விட்டு, மூடிய கையாகவே எடுக்க வேண்டும். யார் எவ்வளவு போட்டார்கள் என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. இல்லாதவர் வெறுங்கையை விட்டு எடுத்தாலும் தெரியாது. அந்தப் பணத்தில்தான் ஒரு விதவைக்கு மாத மளிகையும், ஒரு பிள்ளைக்கு நோட்டுப் புத்தகமும் போகும். போகிறவர்கள் இருவர் இருவராகப் போவார்கள். பொருளைக் கொடுத்துவிட்டுத் திரும்புவது அவர்கள் வழக்கமல்ல; திண்ணையில் உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள்.

மரியாயின் சேனைக்கும் அதே முறைதான். வாரக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் போன வாரம் யார் வீட்டுக்குப் போனேன், எந்த நோயாளியைப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். சி.எஸ்.ஐ. சபைகளில் பெண்கள் ஐக்கிய சங்கம். தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் பரம்பரையாக வந்த ஒரு பழக்கம் பிடி அரிசி. உலைக்கு அரிசி அளந்த பிறகு அதிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போடுவார் அம்மா. பானை நிறைந்ததும் அது ஊழியத்துக்குப் போகும். வீட்டில் அரிசி குறைவாக இருக்கிற நாளிலும் அந்தப் பிடி போகும். மீந்ததைக் கொடுப்பதற்கும் உலைக்குப் போக வேண்டியதிலிருந்து எடுப்பதற்கும் உள்ள தூரம் பெரிது.

பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 13-ம் அதிகாரத்தைக் கல்யாணங்களில் வாசிக்கிறோம். அன்பின் குணங்களை வரிசையாகச் சொல்லும் இடத்தில் அவர் முதலில் வைப்பது பொறுமையை. வாரா வாரம் அதே வீட்டுக்கு, அதே மூப்பரிடம், அதே கதையைக் கேட்கப் போகிறவர்களுக்கு அந்த வரிசையின் நியாயம் புரியும்.

அலை வந்த ஞாயிறு

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். கோவளத்தில் ஜான் டிமான்டி என்ற போர்த்துகீசிய வணிகர் 1808-ல் கட்டிய கார்மேல் அன்னை ஆலயம் கடலைப் பார்த்து நிற்கிறது. அந்தக் கடல் அன்று கரையேறியது. கோவளத்திலிருந்து மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் என்று குப்பங்கள் எல்லாம் அடிபட்டன. சென்னை-மயிலையிலிருந்து 2002-ல் பிரிந்து உருவான செங்கல்பட்டு மறைமாவட்டம் அப்போது நடக்கப் பழகிக்கொண்டிருந்தது. அதன் முதல் ஆயர் அ. நீதிநாதன்.

உதவி வந்தது, வெள்ளமாக வந்தது. சர்ச், கோவில், தர்கா என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. முன்பின் தெரியாதவர்கள் சோற்றுப் பொட்டலங்களோடு ஈ.சி.ஆரில் வந்து நின்றார்கள். அந்த நாட்களின் நல்ல மனதைக் குறைத்துப் பேச எனக்கு வாய் வராது. ஆனால் தமிழகக் கடற்கரை முழுக்க நடந்ததை நாம் மறக்கவும் கூடாது. பழந்துணி மூட்டைகள் எடுப்பாரின்றிச் சாலையோரத்தில் குவிந்து நனைந்தன. ஃபைபர் படகுகள் சில ஊர்களில் தேவைக்கு மேல் வந்தன. கூடையில் மீன் சுமந்து விற்கிற பெண்களைப் பல உதவிப் பட்டியல்கள் மறந்தே போயின. முதல் மாதத்தில் வந்தவர்களில் எத்தனை பேர் இரண்டாம் ஆண்டில் வந்தார்கள்? கடன்காரர் திரும்பிக் கேட்க வந்த நாளில், பிள்ளையைப் பறிகொடுத்த தாய் டிசம்பர் நெருங்கும்போதெல்லாம் தூக்கம் இல்லாமல் கிடந்த நாளில், கூட இருந்தவர்கள் உள்ளூர்க்காரர்கள்தான். குப்பத்துப் பெண்களின் சுய உதவிக் குழுக்கள், அன்பியம் என்ற சிறு கிறிஸ்தவக் குழுக்களின் குடும்பங்கள், பள்ளிக்கூட டீச்சர்கள்.

வெள்ளமாக வருகிற அன்பும் வேண்டும். அது இல்லாவிட்டால் அந்த முதல் வாரத்தைத் தாண்டியிருக்க முடியாது. ஆனால் சபைகள் தங்கள் தொண்டர்களைப் பழக்க வேண்டியது மற்றதற்கு, மேசையை மடித்துக்கொண்டு அடுத்த வாரமும் அதே மரத்தடிக்குப் போவதற்கு. அந்தப் பழக்கம் பேரிடர் வந்த பிறகு வராது. எந்தச் செய்தியும் இல்லாத சாதாரண நாட்களில்தான் அது உருவாகும்.

ஜனவரி கடைசி ஞாயிறு

தொழுநோய் ஒழிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். தேசிய அளவில் பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்ற கணக்குக்குக் கீழே நோய் இறங்க வேண்டும் என்று வைத்து 2005 டிசம்பரில் எட்டிய இலக்கை, நோயே போய்விட்டது என்று புரிந்துகொண்டோம். இன்றும் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட புதிய நோயாளிகள் இந்தியாவில் கண்டறியப்படுகிறார்கள். உலகக் கணக்கில் பாதிக்கு மேல். தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து பெறலாம் என்ற பிரிவு, கிறிஸ்தவர்களுக்கான விவாகரத்துச் சட்டம் உட்பட, 2019 வரை நம் சட்டப் புத்தகங்களில் இருந்தது. செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் பரனூர் அரசு மறுவாழ்வு இல்லத்தில் இருப்பவர்களை, அங்குள்ள சுங்கச்சாவடியைக் கடக்கும் ஆயிரக்கணக்கான வண்டிகளில் இருப்பவர்களுக்குத் தெரியாது. நோய் குணமாகி எத்தனையோ ஆண்டுகள் ஆன பிறகும், தழும்பும் குறைந்த விரலும் இருப்பதால் வீடு திரும்ப முடியாத முதியவர்கள் இப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கிறார்கள். கிறிஸ்துமஸ் கேக்கோடு ஒரு நாள் போகிறவர்கள், மாதம் ஒருமுறை என்று நாள் குறித்துக்கொண்டு போகலாம். புண்ணுக்குக் கட்டு மாற்ற, பென்ஷன் விண்ணப்பம் எழுத, எம்.சி.ஆர். செருப்பு தேய்ந்துவிட்டதா என்று பார்க்க ஆள் வேண்டும்.

ஜனவரி மாதத்தின் கடைசி ஞாயிறு உலகத் தொழுநோய் நாள். ரவுல் ஃபோலேரோ என்ற பிரெஞ்சுக்காரர் 1954-ல் தொடங்கிவைத்தது. அன்று செங்கல்பட்டு மாவட்டத்தின் ஒவ்வொரு தேவாலயத்திலும், பூசை முடிந்து அறிவிப்பு வாசிக்கும் நேரத்தில், திருமண ஓலைகளுக்கும் நன்கொடைப் பட்டியலுக்கும் நடுவே, இரண்டு நிமிடம் ஒதுக்கி இதை வாசிக்கலாம்: உடம்பில் வெளிறிய அல்லது சிவந்த தேமல் இருந்து, அதில் தொட்டால் உணர்ச்சி இல்லை என்றால், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். கூட்டு மருந்து சிகிச்சை இலவசம். ஆரம்ப நிலையில் ஆறு மாதம், பரவிய நிலையில் பன்னிரண்டு மாதம். மருந்து தொடங்கியதும் நோய் அடுத்தவருக்குப் பரவுவது சீக்கிரமே நின்றுவிடும். மாத்திரை ஆரம்பித்ததும் சிறுநீர் சிவப்பாகப் போகலாம், தோல் கொஞ்சம் கறுக்கலாம், பயந்து நிறுத்தாதீர்கள். மாதாமாதம் கூட வர ஆள் வேண்டும் என்றால், கோவில் வாசலில் நிற்கும் வின்சென்ட் சபைக்காரரிடம் சொல்லுங்கள்.